இருப்பும் விளைச்சலும்

மேலகரம்
ஆவணி 5

ஏட்டி மொழி,

நான் அப்படிச் சொல்லவே இல்ல. சரி, சொன்னேன். ஆனா நீ காதுல வாங்குன மாதிரி சொல்லல. காது கேக்காதவன் நானா, நீயா?

நடந்தத நடந்தபடி எழுதுதேன், கேட்டுக்கோ. பஞ்சாயத்துலருந்து கணக்கெடுக்க வந்த பிள்ள வாசல்ல நின்னுக்கிட்டு, “தாத்தா, வீட்ல எத்தன பேரு”ன்னு கேட்டா. “ரெண்டு உருப்படி”ன்னேன். சிரிச்சா. “நீங்க என்ன வேல”ன்னா. “அருவிக்கரைல எண்ணெ, துண்டு, சீயக்காத்தூள் யாவாரம். இப்ப குளிக்கவங்கள வேடிக்க பாக்க உத்தியோகம்”ன்னேன். அதுக்கும் சிரிச்சா. “ஆச்சி என்ன வேல”ன்னா. ரெண்டு தடவ சிரிச்ச பிள்ளய மூணாவதும் சிரிக்க வைக்காம விட்டா நான் குத்தாலிங்கமா? நீ இடுப்புல கொடமும் கையில வாளியுமா மூச்சு வாங்க வந்துக்கிட்டிருந்தே. உன்னக் கையக் காட்டி, “அவளா, சும்மாதான் இருக்கா”ன்னேன். அதுதாம்ட்டி தமாசு! அந்தப் பிள்ள சிரிக்காம எழுதிக்கிட்டுப் போயிட்டா. நீயும் சிரிக்கல. மறுநா காலம்பற தூத்துக்குடி பஸ் ஏறி மக வீட்டுக்குப் போயிட்டே.

போன்ல பேசித் தீத்துக்கலாம்னா எனக்குக் காது இந்த லெச்சணத்துல இருக்கு. நான் “ஆங்?”ங்கேன், நீ அங்கன தொண்ட கிழியக் கத்துதே, இங்கன தெருவே கூடி நின்னு கேக்கு. எதுத்த டீக்கடைலருந்து மசூது, “அண்ணாச்சி, ஆச்சி இப்பத்திக்கு வரமாட்டாகளாம்”னு எனக்கு எடுத்துச் சொல்லுதான். நம்ம சண்டைக்கு மசூது துபாசி. அதுக்குத்தான் கடுதாசி. நான் நாலாப்பு. உன் பத்தாப்புப் பேனாவால எழுத்துப் பிழ திருத்தித் திருப்பி அனுப்பிராதே.

புளி எங்கன வச்சிருக்கே? பானையெல்லாம் திறந்து பாத்துட்டேன், ஒரு பானைல பழைய துணிதான் கெடக்கு. மகளோட உக்காந்து கடல் புழுவ எண்ணுதியாமே? நம்ம கொல்லைல இல்லாத புழுவா? வா, இங்கன எண்ணு.

இப்படிக்கு
ரெண்டு உருப்படில மிச்சம் ஒண்ணு

தூத்துக்குடி
30 ஆகஸ்ட்

ஸ்ரீமதி அப்பாவுக்கு,

புளி, அரிசிப் பானைக்குப் பின்னால் மூடி போட்ட மண்சட்டியில் இருக்கிறது. முப்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

தமாசு என்று எழுதியிருக்கிறீர்கள். சிரிப்பு வராத தமாசுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அதை விடுங்கள். இங்கே நான் என்ன செய்கிறேன் என்று ஊரெல்லாம் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரியாமல் இருப்பதற்காக எழுதுகிறேன்.

ஸ்ரீமதி தன் ஆராய்ச்சிக்காக மாதம் ஒரு தடவை புன்னைக்காயலில் ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் படகில் போகிறாள். கயிற்றில் ஓர் இரும்பு வாயைக் கட்டி இறக்குவார்கள். அது அடிச்சேற்றைக் கவ்விக்கொண்டு மேலே வரும். சேற்றைச் சல்லடையில் போட்டு அலசினால் புழுவும் பொடிச்சிப்பியும் குப்பையும் தங்கும். புட்டிகளில் மருந்தும் ஒரு ரோஸ் சாயமும் ஊற்றிக் கொண்டுவருவாள். சாயம் குப்பையில் அவ்வளவாக ஏறாது, புழுவில் நன்றாக ஏறும். வெள்ளைத் தட்டில் கொட்டி, லென்ஸ் வைத்து, இடுக்கியால் அந்த ரோஸ் நிறத்தை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். பெரும்பாலும் நூல் துண்டு அளவுதான் இருக்கும். சில இடுக்கி பட்டாலே அறுந்துவிடும்.

முதல் நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்றை எடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸ்ரீமதி கூப்பிட்டபோது, “இருட்டி, வாரேன்” என்றேனாம். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லையாம். அவள் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஒரு வருஷம் விடாமல் எடுத்தால்தான் கணக்கு நிற்குமாம். அதுவரை இருக்கலாம் என்று நினைக்கிறேன். சும்மா இருக்கிறவள் எங்கே இருந்தால் என்ன.

குழல்வாய்மொழி

மேலகரம்
புரட்டாசி 20

மொழிக்கு,

ஒரு வருசமா? ஏட்டி, நான் ஒரு வாரம்னுலா நெனச்சேன். மசூதுகிட்டயும் ஒரு வாரம்னுதான் சொல்லி வச்சிருக்கேன். அவன் தெனமும், “ஆச்சி வந்தாச்சா அண்ணாச்சி”ங்கான். நானும் தெனமும், “இந்தா, ஆய்க்குடி தாண்டிட்டா”ங்கேன். ஆய்க்குடிலருந்து நீ இன்னும் நடந்துக்கிட்டே இருக்கே.

இங்கன சாரல் நின்னுபோச்சு. நேத்து பேரருவி வரைக்கும் ஒரு நட போயிட்டு வந்தேன். நீ புழுவ எண்ணுத மாதிரி நான் மனுசன எண்ணிப் பாப்போம்னு தோணிச்சு. ஆடில வந்துச்சு பாரு கூட்டம், பெருசு சிறுசு நடுத்தரம்னு. எண்ணெத் தொந்தி ஒரு வக, ஜட்டியோட ஓடுத பொடிசு ஒரு வக, மூக்கப் பொத்திக்கிட்டு ஓரத்துல நிக்க மாப்பிள்ள ஒரு வக. இப்ப பாறதான் இருக்கு. குரங்குதான் இருக்கு. எண்ண ஆளில்ல. குரங்கு என்னப் பாத்துச்சு, நான் குரங்கப் பாத்தேன்.

நீ தப்பா நெனைக்காட்டா ஒண்ணு கேக்கேன். மசூது தம்பி மகன் காலேஜுல படிக்கான்லா, அவன்கிட்டக் கேட்டேன். அந்தப் புழுவெல்லாம் காய வச்சு நிறுத்தா ஒரு குத்துச் சேத்துக்கு மொளகு எடகூட வராதாமே! இதுக்கா ஒரு வருசம்? ஒரு மொளகுக்காகவா என்ன விட்டுட்டுப் போனே? நானே அம்பது கிலோ தேறுவேன்ட்டி. எலும்பக் கழிச்சாலும் நாப்பது.

கோவிலுக்குப் போனா குருக்கள்கூடக் கேக்காரு, “குத்தாலநாதர் இங்க இருக்கார், அம்பாள எங்க?”ன்னு. நம்ம ரெண்டு பேரு பேரையும் வச்சுக் கலியாணத்தன்னைக்கு ஆரம்பிச்ச கேலி, இன்னும் ஓயல. “அம்பாளு கடல்ல புழு பொறுக்கப் போயிருக்கா சாமி”ன்னேன். சிரிச்சாரு. நான் சிரிக்கல.

குத்தாலிங்கம்

தூத்துக்குடி
26 அக்டோபர்

ஸ்ரீமதி அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. அதையேதான் நானும் ஸ்ரீமதியிடம் கேட்டேன். “இத்தனூண்டு எடைக்கா ஏளா இவ்வளவு பாடு?” என்று. அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

ஒரே சமயத்தில் பிறந்த புழுக்குஞ்சுகள் ஒரு வகுப்புப் பிள்ளைகள் மாதிரி சேர்ந்து வளரும். மாதாமாதம் அளந்தால் அந்த வகுப்பு பெருத்துக்கொண்டே போவது தெரியும். எண்ணிக்கை குறைந்துகொண்டே போவதும் தெரியும். இந்த மாதம் நூறு இருந்தால் அடுத்த மாதம் அறுபதுதான் இருக்கும். மிச்சம் நாற்பது என்ன ஆயிற்று? கெழுத்தி தின்றது, நண்டு தின்றது. ஆனால் தின்னப்படுவதற்கு முன்னால் அவையும் கொஞ்சம் வளர்ந்துதானே இருக்கும்? அந்த வளர்ச்சியையும் கூட்ட வேண்டும்.

ஒரு நாள் சல்லடையில் தங்குகிற எடை இருப்பு. வருஷம் முழுக்க அந்தச் சேற்றில் வளர்ந்த எடை, பிழைத்தது செத்தது எல்லாம் சேர்த்து, விளைச்சல். இருப்பு மிளகளவுதான். விளைச்சல் அதைப் போல நாலு மடங்கு, ஐந்து மடங்கு. எவ்வளவு சின்ன உயிரோ, எவ்வளவு சீக்கிரம் சாகிறதோ, அவ்வளவு மடங்கு கூடுமாம். புன்னைக்காயலில் வலை போடுகிறவர்கள் வீட்டு மீனில் பாதி, கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழுதான் என்கிறாள்.

அதைக் கேட்டுவிட்டு நான் தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். ஸ்ரீமதி பயந்து பின்னாலேயே வந்தாள். “என்னம்மா, மருந்து நெடியா?” என்றாள். இல்லை என்றேன்.

நான் உங்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவித்த இட்லி எங்கே? ஒன்றாவது இருப்பில் இருக்கிறதா? துவைத்த வேட்டி மறுநாளே அழுக்கு. தூக்கி வந்த தண்ணீர் சாயங்காலத்துக்குள் காலி. அந்தக் கணக்கெடுக்க வந்த பிள்ளை எந்த நேரத்தில் வந்து பார்த்திருந்தாலும் என் கையில் ஒன்றும் இருந்திருக்காது. நீங்கள் பார்த்ததும் இருப்பைத்தான். அதனால் சும்மா என்று தோன்றியிருக்கும்.

கோபத்தில் எழுதவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. யோசித்துப் பார்த்தால், சொல்ல உங்களைத் தவிர யாருமில்லை.

குழல்வாய்மொழி

மேலகரம்
கார்த்திகை 28

மொழி,

உன் கடுதாசி வந்து ரொம்ப நாளாச்சு. பதில் எழுத உக்காருவேன், பேனா தொறப்பேன், மூடுவேன். தமாசா ஒண்ணும் வரல. தமாசு வராட்டா எனக்கு எழுதத் தெரியாதுட்டி.

ஒரு நா புளிக்கொழம்பு வச்சேன். நீ சொன்ன எடத்துலயே புளி இருந்துச்சு. ஊறப் போட்டு, கரைச்சு, வெங்காயம் உரிச்சுக் கண்ணு எரிஞ்சு, வெஞ்சனத்துக்கு ரெண்டு வாழக்கா வதக்கி, தின்னு முடிச்சு, சட்டியக் கழுவிக் கவுத்துனேன். பாத்தா, அடுப்பங்கரை காலைல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. நான் ஒண்ணுமே செய்யாத மாதிரி! சவம், எனக்கு வந்துச்சு பாரு கோவம். யாரையாவது கூப்பிட்டு, “நான் இன்னைக்குக் கொழம்பு வச்சேன்லே”ன்னு சொல்லணும்போல இருந்துச்சு. மசூதுகிட்டப் போயிச் சொன்னேன். “உப்புப் போட்டீகளா?”ன்னு கேட்டான். போடல.

இப்ப எழுதுதது அதுக்கில்ல. மூணு நாளா இங்கன பேய்மழ. பேரருவில பாதுகாப்பு வளைவே தெரியாம தண்ணி கொட்டுது. பாலத்துக்கு இந்தாண்டயே போலீசு கயித்தக் கட்டி நிப்பாட்டிட்டான். சத்தம் மேலகரம் வரைக்கும் கேக்குன்னு எல்லாரும் சொல்லுதாக. எனக்கே லேசாக் கேக்குன்னா பாத்துக்கோ. இந்தத் தண்ணி சித்தாத்துல எறங்கி, தாமிரபரணில சேந்து, நேரா உங்க புன்னைக்காயலுக்குத்தான் வரும். எங்கூரு தண்ணிக்கு மட்டு மரியாத தெரியாது. படகுல போகாதிய. மகளயும் போகவிடாதே. கோவம் இருந்தா இருக்கட்டும், அதோட கரைலயே இரு.

இதப் போட்டதும் பதில் போடு. ஒரு வரி போதும்.

குத்தாலிங்கம்

தூத்துக்குடி
29 டிசம்பர்

ஸ்ரீமதி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளம் வடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. நாங்கள் நலம். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது, வீட்டுக்குள் வரவில்லை.

மசூது ஸ்ரீமதிக்குப் போன் செய்து சொன்னான். மழை நிற்பதற்கு முன்பே நீங்கள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினீர்களாம். வல்லநாட்டில் ரோடு முறிந்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். ராத்திரி முழுக்க அங்கே ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் இருந்துவிட்டு, நனைந்தபடியே திரும்பிப் போய்க் காய்ச்சலில் கிடந்தீர்களாம். எதற்கு வந்தீர்கள்? வந்தவர் ஏன் அதை எழுதவில்லை?

போன வாரம் படகில் போனோம். ஆறு இன்னும் கலங்கல்தான். இரும்பு வாய் ஆறு தடவை இறங்கி ஏறியது. ஆறு தடவையும் சல்லடையில் மணலும் தென்னை ஓலைத் துணுக்கும் தங்கின. சாயம் ஊற்றி ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். தட்டில் ஓர் இடத்திலும் சிவக்கவில்லை. உப்புத் தண்ணீரில் இருக்கிறவை. நல்ல தண்ணீர் இவ்வளவு வந்தால் தாங்காதாம். நான்கு மாதமாக நான் அளக்க அளக்க வளர்ந்து வந்த வகுப்பு, ஒன்றுகூட இல்லை. ஸ்ரீமதி, “பூஜ்யமும் ஒரு எண்தாம்மா, எழுதிக்கோ” என்றாள். எழுதினேன். வெறும் தட்டை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

புழுவுக்காக அழுகிறவள் என்று கேலி செய்யுங்கள். பரவாயில்லை. காய்ச்சல் விட்டதா?

குழல்வாய்மொழி

மேலகரம்
தை 3

மொழி,

மசூது சொல்லுதத நம்பாதே. நான் வல்லநாட்டுக்கு மான் பாக்கப் போனேன். அங்கன மலைல வெளிமான் இருக்குன்னு சின்ன வயசுலருந்து ஆச. மழைல நனஞ்ச மான் ரொம்ப அழகா இருக்கும்னு யாரோ சொன்னான். போனேன். ஒண்ணும் வெளிய வரல. மானுக்கு இருக்க புத்தி எனக்கு இல்ல.

காச்சல் விட்டுருச்சு. பொங்கலுக்கு முத்துவடிவு பக்கத்து வீட்லருந்து ஒரு கிண்ணம் குடுத்துவிட்டா. வாசல்ல கோலம் இல்லன்னு அவளே நாலு புள்ளி வச்சு இழுத்துட்டுப் போனா. கோணலா இருந்துச்சு.

உன் புழு எல்லாம் போயிட்டுன்னு வாசிச்சேன். எங்கூரு தண்ணி செஞ்ச வேல. கேலி பண்ணணும்னு பேனா எடுத்தேன், பண்ணல. ஆனா ஒண்ணு இருக்குல்லா. எல்லாம் செத்துப்போச்சு. இனிமே அங்கன என்னத்த எண்ணப் போறே? பூஜ்யத்த எழுதியாச்சு, தட்டக் கழுவியாச்சு. வந்துரு. மசூதுகிட்ட, “ஆச்சி ஆய்க்குடி தாண்டி, இலஞ்சி தாண்டிட்டா”ன்னு சொல்லிட்டேன். என்னப் பொய்யனாக்கிராதே.

கேலி பண்ண மாட்டேன். கொஞ்சமாத்தான் பண்ணுவேன்.

குத்தாலிங்கம்

தூத்துக்குடி
4 மார்ச்

ஸ்ரீமதி அப்பாவுக்கு,

உடனே பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்று, வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பையைக்கூட எடுத்து வைத்தேன். அந்த மாதச் சேற்றை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஸ்ரீமதியோடு படகில் போனேன்.

ஆறு தெளிந்திருந்தது. வாயில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. சல்லடையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சாயம் போட்டுத் தட்டில் கொட்டினால், அம்மாடி! தட்டு முழுக்க ரோஸ் பொடி. ஒவ்வொன்றும் கண்ணிமை முடியில் பாதிகூட இராது. எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். கடலில் மிதந்துகொண்டிருந்த குஞ்சுகள், இடம் காலியாக இருக்கிறதென்று வந்து இறங்கியிருக்கும் என்கிறாள் ஸ்ரீமதி. எண்ணி முடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. என் வாழ்நாளில் அப்படி ஒரு ஒன்பது நாள் இருந்ததில்லை.

இதை எழுதத்தான் இத்தனை நாள் தயங்கினேன். வெள்ளம் வந்த வருஷத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாதாம். இந்தப் புதிய வகுப்பு எப்படி வளர்கிறது என்று இன்னொரு வருஷம் பார்த்தால்தான் தெரியுமாம். “உன்னால முடியுமாம்மா?” என்று கேட்டாள். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் முடியும் என்று சொல்லிவிட்டேன்.

உங்களை இங்கே வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அருவிச்சத்தம் இல்லாத ஊரில் தூக்கம் வராது என்பீர்கள். உப்புக்காற்று பட்டால் உடம்பு பிசுபிசுக்கிறது என்று போன தடவை ஒரே நாளில் ஓடினீர்கள். ஆடியில் நாலு நாள் வருகிறேன். கண்ணாடியும் சேலைகளும் எடுக்க வேண்டும். உங்களையும் பார்க்க வேண்டும்.

குழல்வாய்மொழி

மேலகரம், நம்ம வீட்டு மேச
ஆடி 13

ஏட்டி மொழி,

எதுத்தாப்புல உக்காந்திருக்கவளுக்கு எவனாவது கடுதாசி எழுதுவானா? நான் எழுதுதேன். நீ வந்த நாள்லருந்து நீ பேசுதது எனக்கு ஒரு எழுத்து விழல. இடது காதுல இருந்த கொஞ்சமும் அந்தக் காச்சலோட போயிருச்சு. உங்கிட்டச் சொல்லல. நீ மார்ச்சுலருந்து எழுதுன எதுக்கும் நான் பதில் போடல, அதையும் கேக்காதே. ரெண்டாவது வருசம்னு வாசிச்ச அன்னைக்கு மசூதுகிட்டப் போயி, “ஆச்சி பஸ்ஸு திரும்பிப் போயிட்டுலே”ன்னு சொல்லிட்டு வந்தேன். அதோட அவனும் கேக்கத நிப்பாட்டிட்டான். அவன் கேட்டாலாவது நல்லா இருக்கும்.

தலகீழா வாசிக்கே, தெரியும். பத்தாப்பு. வாசி.

நாலு நாளா வீட்ல உப்பு போட்ட கொழம்பு. நான் நல்லா இருக்குன்னு சொல்லல, ஏன்னா சொன்னா அதுவும் தமாசுன்னு நெனைப்பே. நல்லா இருந்துச்சு. நேத்து மத்தியானம் நீ அந்த லென்ச எடுத்து மேசைல வச்சு, அரிசில வண்டப் புடிச்சு எனக்குக் காட்டுனே பாரு. ஆறு காலையும் எண்ணிக் காட்டுனே. உன் மூஞ்சிய நான் அப்படிப் பாத்ததே இல்லட்டி. கலியாணத்தன்னைக்குக்கூட நீ அழுதுக்கிட்டுத்தான இருந்தே.

இன்னைக்குக் கெளம்புதவளப் போகாதேன்னு எழுதலாம்னுதான் இந்தத் தாள எடுத்தேன். நேத்து வரைக்கும் அதத்தான் எழுதுறதா இருந்தேன். அந்த மூஞ்சியப் பாத்த பொறவு எழுத முடியல.

சிரிக்காதே. என்னத்துக்குச் சிரிக்கே, இன்னும் விசயத்துக்கே வரல. அவசரப்படாதே, ஆட்டோ வந்தா நிக்கும். நான் ஒவ்வொரு எழுத்தாக் கூட்டி எழுதணும்லா.

விசயம் என்னன்னா, அந்தப் படகு இருக்குல்லா, அதுல எத்தன பேரு ஏறலாம்? கூட ஒரு ஆளு ஏறுனா முங்கிருமா? பெரிய ஆளு ஒண்ணுமில்ல. ஒல்லி. கயித்தப் புடிச்சு இழுக்கத் தெம்பு இருக்கு. இடுக்கிலாம் புடிக்கத் தெரியாது, புட்டி கழுவுவான். அருவிச் சத்தம் கேட்டாத்தான் தூங்குவேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச ஆளுதான், இப்ப அருவி பக்கத்துலயே இருந்தும் கேக்கல. எந்த ஊரா இருந்தா என்ன? உப்புக்காத்துக்கு வேணும்னா நம்ம கடை எண்ணெயக் கொஞ்சம்

எந்திரிச்சிட்டா. ஏட்டி, இருட்டி, அடுத்த வரிலதான் இருக்கு. பைய எடுத்துட்டா. ஆட்டோக்காரன் சத்தம் குடுத்திருப்பான்போல, எனக்கு என்ன தெரியும். வாசிச்சியா வாசிக்கலயா? எது வரைக்கும் வாசிச்சே?

வாசப்படில நின்னு செருப்ப மாட்டுதா. முதுகக் காட்டிக்கிட்டு என்னமோ சொல்லுதா. தல ஆடுது. ஆமான்னு ஆடுதா இல்லன்னு ஆடுதா தெரியல. ஏட்டி மொழி, திரும்பி என் மொகத்தப் பாத்துச் சொல்லுட்டி, எனக்குக் காது